தொப்பி விளிம்பில் இரண்டு முறை

ஆஷ்பி
12 ஜூலை 1953

அன்புள்ள லெம்பி அக்கா,

நானும் என் கையும் சுகம். நீயும் உன் வளைந்த விரலும் எப்படி? அப்பாவின் இருமல் குறைந்ததா?

எங்கள் பேஸ்பால் லீக்கின் எட்டு அணிகளில் இரண்டாவதாக இருக்கிறோம். முதல் நான்கில் நின்றால் செப்டம்பரில் அரையிறுதி. அதைத் தாண்டினால் இறுதித் தொடர். ஏழு ஆட்டங்கள், நான்கை முதலில் ஜெயிப்பவருக்குக் கோப்பை. ஆஷ்பி அணி பதினெட்டு வருடமாக அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை என்று தெருவில் போகிறவர்கள்கூட என்னிடம் சொல்கிறார்கள், நான் ஏதோ ஒளித்து வைத்திருப்பதைப் போல.

எங்கள் மேனேஜர் டோலன் போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பல்குச்சியை வாயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார். "டேய் ஹகாலா, கடைசித் தொடருக்கு மேல் லீக்கிலருந்து ஆள் வர்றான். உன்னைப் பாக்கத்தான். கையைப் பத்திரமா வச்சுக்கோ" என்றார். மறுநாளே, என் ஓய்வு முடிவதற்குள், என்னையே மறுபடி பந்தெறிய அனுப்பினார்.

என் அறைத்தோழன் வெண்டல்தான் எங்கள் கேட்சர். பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து என் பந்துகளைப் பிடிப்பவன். நல்லவன். ஆனாலும் எறிமேட்டில் நின்று அவனைப் பார்க்கும்போது எனக்குக் கொட்டகைச் சுவரும் உன் முழங்கால்களும்தான் தெரிகின்றன.

ஏற்றுப்பொறி அறை வேலையைச் சுரங்க மேலாளர் காப்டன் ரண்டில் இன்னும் எனக்காக வைத்திருக்கிறாரா? வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டு வை.

உன் தம்பி,
ஏய்னோ


ரெட்ஸ்டோன் சுரங்கம்
24 ஜூலை 1953

அன்புத் தம்பி ஏய்னோ,

இங்கே நான் சுகம். அப்பா சுகம் என்று அவரே சொல்கிறார், இருமிக்கொண்டே. கை எப்படி?

ரண்டிலைக் கேட்டேன். நவம்பர் வரை வைத்திருப்பாராம். நிலத்துக்கு மேலே இருக்கிற வேலை, உட்கார்ந்தபடி நெம்புகோலை இழுத்தால் கூண்டு இறங்கும், ஏறும். தூசி கிடையாது. முப்பது வருடம் கீழே போன மனிதருக்காகச் செய்கிற மரியாதை என்றார். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "அவனுக்கு அது தேவைப்படாது" என்றார்.

நீ எறிகிற நாட்களில் அப்பா வானொலிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, கால்களைச் சற்று அகட்டி, கைகளை முன்னால் வைத்து உட்கார்கிறார். கேட்சரைப் போல. அது என் இடம் என்று சொல்லத் தோன்றும். ஒன்பது வருடம் சுரங்கக் கையுறைக்குள் வைக்கோல் திணித்துக்கொண்டு உன் பந்தைப் பிடித்தவள் நான். இந்த மோதிர விரல் சாட்சி. எந்த மோதிரமும் இதில் ஏறாது. தொலைபேசி நிலையத்தில் இணைப்பு போடும்போது இந்த விரல் மட்டும் வேறெங்கோ பார்க்கிறது.

நம் சைகை நினைவிருக்கிறதா? கை வலித்தால் நீ தொப்பி விளிம்பை இரண்டு முறை தொடுவாய். நான் உடனே எழுந்து நின்று, "சாப்பாடு ஆறுதுடா, வா" என்பேன். மற்ற பையன்களுக்கு நீ விட்டுக்கொடுத்தது தெரியாது. என்னைத்தான் திட்டுவார்கள்.

வெண்டலுக்கு அப்படி ஒரு சைகை சொல்லிக்கொடு.

அக்கா,
லெம்பி


பஸ்ஸில், கார்வர் போகும் வழி
16 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

சுகம். எழுத்து பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, பஸ் ஆடுகிறது.

வெள்ளிக்கிழமை முழு ஆட்டமும் எறிந்தேன். ஜெயித்தோம். புதன்கிழமையும் நானே. என்னைப் போலப் பந்தெறிகிற இன்னொரு பிட்சருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. டோலன் என் தோளில் தட்டி, "உனக்கென்னடா, சுரங்கத்துக்காரன் ரத்தம்" என்றார். நான் சுரங்கத்துக்குள் இறங்கியதே இல்லை என்று சொல்லவில்லை.

கை சுகம்.

ஏய்னோ


ரெட்ஸ்டோன்
22 ஆகஸ்ட்

அன்புத் தம்பி,

அப்பா சுகம். நானும்.

பஸ் ஆடினால் எழுத்து மேலும் கீழும் துள்ளும். உன் எழுத்து ஒவ்வொரு வரியிலும் கீழே மட்டும் சரிகிறது, தூக்க முடியாததைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தது போல.

புதன்கிழமை வானொலியில் கேட்டேன். ஐந்தாம் இன்னிங்ஸுக்குப் பிறகு உன் பந்துகள் எல்லாமே மெதுவான வளைபந்துகள். வர்ணனையாளர் தந்திரம் என்றார். அப்பா, "பாத்தியா, மூளைக்காரன்" என்றார். நான் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கை எப்படி? நீண்ட கடிதம் வேண்டாம். ஒரு தாளில் தொப்பி படம் வரைந்து அனுப்பு. புரிந்துகொள்வேன்.

லெம்பி


ஆஷ்பி
11 செப்டம்பர்

அன்புள்ள லெம்பி அக்கா,

கையெழுத்து மாறியிருப்பதால் திகைக்க வேண்டாம். வெண்டலிடம் சொல்லி எழுதச் சொல்கிறேன். அவனுக்குப் பொழுது போகவில்லை. நான் சுகம். அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம். இறுதித் தொடர் ஞாயிற்றுக்கிழமை தொடக்கம், கார்வர் அணியுடன். முதல் ஆட்டமும் நான்காவதும் ஏழாவதும் என்னுடையவை. மேல் லீக் ஆள் வந்து விடுதியில் தங்கிவிட்டான். சாம்பல் நிறத் தொப்பி. சிரிப்பதில்லை. அப்பாவிடம் சொல். கை சுகம்.

இதுவரை உங்கள் தம்பி சொன்னது. இனி வெண்டல். வணக்கம். இவன் கட்டிலில் படுத்துக்கொண்டு மகாராஜா மாதிரி சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். சட்டைப் பொத்தானும் நான்தான் போட்டுவிடுகிறேன். ஷூ கயிறும் நான். "தலையும் சீவிவிடவாடா?" என்று கேட்டதற்குத் தலையணையால் அடித்தான், இடது கையால். குறி தப்பியது. ‘கை சுகம்’ என்று எழுதச் சொன்னான், எழுதிவிட்டேன். கடைசியில் ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னான். இந்தப் பகுதியைப் படித்துக் காட்ட மாட்டேன்.

வெண்டல் ஸ்ட்ரெயிட்


ரெட்ஸ்டோன்
14 செப்டம்பர்

அன்புத் தம்பி,

இங்கே எல்லோரும் சுகம். அப்பா நேற்று இரண்டு கிண்ணம் சூப் சாப்பிட்டார்.

முதல் ஆட்டத்தை நீ முடித்தபோது நம் தெருவில் எல்லா வீட்டு வானொலியும் ஒரே நேரத்தில் கத்தியது. தொலைபேசி நிலையத்தில் என் பலகை முழுக்க விளக்குகள். எல்லோரும் எல்லோரையும் கூப்பிட்டார்கள். ‘ஹகாலாவின் அக்காவா பேசுறது?’ என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணைச் சொன்னார்கள். இருபத்தொன்பது வயதில் முதல் முறை யாரோ என்னை ஏதோ ஒன்றாகக் கூப்பிட்டார்கள்.

தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனால் கம்பெனி பஸ் விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பினால் மதியம் ஆஷ்பி. அப்பா கோட்டுக்கு பிரஷ் போட்டுவிட்டார். நானும் வருகிறேன்.

வெண்டலுக்கு என் அன்பு. நன்றாக எறி.

அக்கா,
லெம்பி


ஆஷ்பி
17 செப்டம்பர்

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். சும்மா, பழகிப் பார்க்க.

நேற்று நான்காவது ஆட்டம் தோற்றேன். இப்போது இரண்டுக்கு இரண்டு. டோலன் பல்குச்சியைக் கடித்துத் துப்பிவிட்டுப் போனார்.

ஏழாவது வரை போனால் வா. பேட்டர் நிற்கிற ஹோம் தட்டுக்கு நேர் பின்னால் உட்கார். மூன்றாவது வரிசைக்கு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். மஞ்சள் கழுத்துத்துணி கட்டிக்கொள். வெண்டலின் தோளுக்கு மேலே நீ தெரிய வேண்டும்.

ஏய்னோ


ரெட்ஸ்டோன்
23 செப்டம்பர்

அன்புத் தம்பி,

சுகமாக வந்து சேர்ந்தோம். அப்பா பஸ்ஸில் பாடினார். நான் பிறந்ததிலிருந்து அவர் பாடிக் கேட்டதில்லை. குரல் இருக்கிறது, மூச்சுதான் இல்லை.

ஆட்டம் முடிந்து உன்னைப் பார்க்கக் கதவருகே ஒரு மணி நேரம் நின்றோம். டாக்டர் உள்ளே இருக்கிறார், யாரையும் விடவில்லை என்றார்கள். பஸ் கிளம்பிவிடும் என்று அவசரப்படுத்தினார்கள்.

செய்தித்தாள் வந்துவிட்டது. இரண்டுக்கு ஒன்று, கோப்பை ஆஷ்பிக்கு என்று முதல் பக்கத்திலேயே. படத்தில் எல்லோரும் இரண்டு கைகளையும் தூக்கியிருக்கிறார்கள். நீ ஒரு கையை. நன்றாக விழுந்திருக்கிறாய். அப்பா அதை வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டார்.

இன்னொன்று. திங்கட்கிழமை காலையே அப்பா ரண்டிலின் அலுவலகத்துக்கு நடந்துபோனார். "காப்டன், அந்த இடத்தை வேற யாருக்காவது குடுங்க. என் பையன் மேல போறான்" என்றாராம். ரண்டில் கை குலுக்கினாராம். திரும்பி வரும்போது வழியில் நான்கு இடத்தில் உட்கார்ந்தார், ஆனால் சிரித்துக்கொண்டே வந்தார்.

எப்போது மேலே கூப்பிடுவார்கள்? எழுது.

அக்கா,
லெம்பி


ஆஷ்பி
8 அக்டோபர்

அக்கா,

எழுதத் தாமதமாகிவிட்டது. இடது கை மெதுவாகத்தான் கற்றுக்கொள்கிறது.

கடைசிப் பந்தில் தோளுக்குள் ஏதோ கிழிந்தது. நனைந்த துணியைக் கிழித்தால் வருகிற சத்தம், அதுபோல. பேட்டர் பந்தைத் தவறவிட்டான். எல்லோரும் ஓடிவந்து என் மேல் விழுந்தார்கள். வெண்டல் மட்டும் விழவில்லை. கைகளை ஊன்றி மற்றவர்களைத் தாங்கிக்கொண்டான்.

சாம்பல் தொப்பிக்காரன் கை குலுக்க வந்தான். நான் இடது கையை நீட்டினேன். அவன் அதைச் சிறிது நேரம் பார்த்தான். பிறகு குலுக்கினான், மிகவும் மரியாதையாக. அன்று மாலை ரயிலிலேயே போய்விட்டான்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கை தோளுக்கு மேலே வராது. சாப்பிடலாம், எழுதப் பழகலாம் என்றார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது என்னிடம், அதைக் கேட்டுவிடுகிறேன். கடைசியான ஒன்பதாம் இன்னிங்ஸ் தொடக்கம். இன்னும் மூன்று பேரை வெளியேற்ற வேண்டும். டோலன் மேட்டுக்கு வந்தார். "என்னடா, முடியுமா? உண்மையைச் சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "ஒரு நிமிஷம்" என்றேன். வெண்டலின் தோளுக்கு மேலே பார்த்தேன். தொப்பி விளிம்பை இரண்டு முறை தொட்டேன்.

மஞ்சள் துணி அசையவில்லை.

"முடியும்" என்றேன்.

நீ பார்த்தாயா?

ரண்டிலின் அந்த இடம் போய்விட்டதா, இல்லை இன்னும் ஆள் போடவில்லையா? அதற்கு ஒரு கை போதும்.

ஏய்னோ


ரெட்ஸ்டோன்
1 நவம்பர்

அன்புத் தம்பி,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. தொலைபேசி நிலையத்தில் ஒரு பெண் விடுப்பில் போனாள், அவள் வேலையும் சேர்ந்துவிட்டது. இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நீ ஓய்வில் இருக்கிறாய், வசந்தத்தில் கூப்பிடுவார்கள் என்று சொன்னேன். தினமும் தபால் வண்டிச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்கிறார்.

ஏற்றுப்பொறி அறையில் நீமியின் மகனைப் போட்டுவிட்டார்கள். அக்டோபர் முதல் தேதி. ரண்டிலிடம் மறுபடி கேட்டேன். கீழே இடம் இருக்கிறது, ஆனால் சுரங்க டாக்டர் முன்னால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும் என்றார்.

நீ கேட்டது. அந்த நேரம் மாலை வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. எறிமேடே சரியாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எழுந்திருப்பேன்.

அப்பா சுகம்.

அக்கா,
லெம்பி


ஆஷ்பி
9 நவம்பர்

அக்கா,

நான் இப்போது ஒரு சலவைக் கடையில் இருக்கிறேன். துணிகளுக்குச் சீட்டு எழுதுகிறேன். உயரத்தில் தொங்குவதை எடுக்க ஒரு பெண் இருக்கிறாள். வருகிறவர்கள் என்னைப் பார்த்து, ‘என்ன ஆட்டம் அது!’ என்கிறார்கள். பிறகு சீட்டை நீட்டுகிறார்கள்.

வெயில் என்று எழுதியிருந்தாய்.

பந்து வருகிறபோது பேட்டருக்குக் கண் கூசக்கூடாது. அதற்காகவே எந்த மைதானத்தையும் மாலை வெயில் ஹோம் தட்டின் முதுகில் விழும்படி கட்டுவார்கள். உன் மூன்றாவது வரிசை அன்று முழுக்க நிழலில் இருந்தது. வெயில் என் கண்ணில்தான் அடித்தது. ஒன்பது வருடம் நீதான் கொட்டகைச் சுவரைத் தேர்ந்தெடுத்தாய், எனக்கு நினைவிருக்கிறது, சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கும்படி.

கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஜூலையில் ‘கை எப்படி?’ என்று கேட்டிருக்கிறாய். ஆகஸ்டில் கேட்டிருக்கிறாய். வெண்டல் பொத்தானைப் பற்றி எழுதிய பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது ஏன் என்று நேற்று வரை எனக்குத் தெரியவில்லை. அவன் எழுதியதை நேற்றுதான் என்னிடம் சொன்னான்.

கோபம் இல்லை. நான் எல்லாக் கடிதத்திலும் பொய்தான் எழுதினேன். மேட்டில் நின்று ஒரே ஒருமுறை உண்மை சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அப்பாவிடம் ஏதாவது சொல். உனக்கு அது வருகிறது.

ஏய்னோ


ரெட்ஸ்டோன்
6 டிசம்பர் 1953

ஏய்னோ,

கை எப்படி இருக்கிறது?

பார்த்தேன். நீ இரண்டாவது முறை தொடுவதற்கு முன்பே, முதல் முறையிலேயே தெரிந்துவிட்டது. எழுந்திருக்க முழங்காலில் கை ஊன்றினேன். அப்பா திரும்பி, "எங்கடி போற? இன்னும் மூணு பேர்தானே" என்றார். அவர் மேல் பழி போட இதை எழுதவில்லை. அவர் கேட்பதற்கு முன்பே என் கை முழங்காலிலிருந்து நழுவிவிட்டது.

ஏன் என்று இந்த நாலு வாரமும் எழுதிப் பார்த்தேன். அப்பாவின் சந்தோஷம் என்று ஒரு தாள். உன் எதிர்காலம் என்று ஒரு தாள். இரண்டையும் அடுப்பில் போட்டேன். இரண்டும் உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அவை என் நினைவில் இல்லை.

எனக்கு அந்த ஆட்டம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். நீ எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் என் விரல் உள்ளுக்குள் மடங்கியது. அந்தக் கையில் பாதி நான் வளர்த்தது என்று நினைத்தேன். எனக்கென்று ஒன்றும் கிடைத்ததில்லை, இன்னும் மூன்று பேர்தான் என்று நினைத்தேன். வெண்டல் எழுதியதைப் படித்தபோதே தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை. கேட்டு, நீ ஒருவேளை உண்மையைச் சொல்லிவிட்டால்?

வெயில் பொய் உனக்குத் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு கேட்சருக்கு? பேனா அதைத்தான் எழுதியது. நீயே என்னைப் பிடித்துவிடட்டும் என்று இருந்திருக்கலாம்.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். கை, சலவைக் கடை, தொப்பி, எல்லாம். அவர் சமையலறைச் சுவருக்குப் போய் அந்தப் படத்தின் முன் நின்றார். உன் தூக்காத கையின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "இது அன்னிக்கே இங்க இருந்திருக்கு" என்றார். படத்தைக் கிழிக்கவில்லை. இன்று காலை தபால் வண்டி வந்தபோது எழுந்து உட்காரவில்லை.

கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். சுவரில் பனி. ஹோம் தட்டாக நாம் கோணித்துண்டு போட்டிருந்த இடம் இப்போதும் லேசாகப் பள்ளமாக இருக்கிறது. அங்கே குந்தி உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது. எதிரே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்றேன்.

இரண்டரை மாதம் தாமதம். இதனால் எதுவும் திரும்பாது. இருந்தாலும் எழுந்துவிட்டேன், ஏய்னோ. நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சாப்பாடு ஆறுதுடா. வா.

லெம்பி